சம்பந்தி வீட்டு அல்லி

"பொழுதுபோக்குன்னு பாத்தா நீங்க என்ன செய்வீங்க?" என்று மூவார் ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்ட குரலுக்கு, தம்போய் வீட்டில் உட்கார்ந்திருந்த கனகசுந்தரத்திடம் சட்டென்று பதில் இல்லை.

உண்மையான பதில் ஒன்று இருந்தது. காலையில் செய்தித்தாள், பதினோரு மணிக்கு ஒரு தூக்கம், மாலையில் தொலைக்காட்சிக்கு முன்னால் இன்னொரு தூக்கம். மகளுக்கு மாமனாராக வரப்போகிறவரிடம் இதைச் சொல்ல முடியாது, அதுவும் முதல் தொலைபேசிப் பேச்சில்.

சமையலறை வாசலில் நின்ற மனைவி பிரேமளா கண்ணாலேயே மிரட்டினாள். சில வருடங்களுக்கு முன் மகளுக்கு வந்த இரண்டு வரன்கள் கனகசுந்தரத்தின் வாயால் போயிருந்தன. பத்து பஹாட் ஊருக்கு எந்த வழி கிட்டம் என்று முதல் மாப்பிள்ளையின் அப்பாவிடம் தொடங்கிய பேச்சு, முக்கால் மணி நேரச் சண்டையாக முடிந்தது. இரண்டாவது வீட்டார் கொண்டுவந்த முறுக்கில் உப்பு அதிகம் என்று, சுட்ட அம்மாள் எதிரில் இருக்கும்போதே சொன்னார். அதிகம்தான். அதற்காகச் சொல்லியிருக்க வேண்டாம்.

இந்த மூன்றாவது இடம் வேறு மாதிரி. மகள் லோஷினியும் மூவார்ப் பையன் குணாளனும் சிங்கப்பூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். இரண்டு வருடமாக ஒருவரை ஒருவர் பிடித்துப்போய், இப்போதுதான் வீட்டில் சொல்லியிருந்தார்கள். "அப்பா, இவர எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், கெடுக்காம இருந்தா போதும்" என்று லோஷினி சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது. இதுவும் கெட்டால் பெர்த்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்றும் சொல்லியிருந்தாள். கனகசுந்தரத்துக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

அதனால் பிரேமளா கறாராகப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தாள். "கல்யாணப் பேச்சுல வாதாடக் கூடாது. அவங்க என்ன சொன்னாலும் 'ஆமாங்க, நாங்களும் அப்படித்தான்'னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க."

ஆனால் இது கேள்வி. இதற்கு 'நாங்களும் அப்படித்தான்' பொருந்தாது. கனகசுந்தரத்தின் பார்வை உதவிக்குச் சுவரைத் தேடிப் போனது. மளிகைக் கடைக்காரர் கொடுத்த நாள்காட்டி அங்கே தொங்கியது. அந்த மாதத்துப் படம், குளத்தில் ஊதா நிற அல்லிப்பூ.

"அல்லி," என்றார். "வீட்டுல குளம் வெச்சு அல்லி வளக்கிறேன்."

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"அல்லியா!" என்றது குரல். "அட, என்னங்க இது! நம்ம வீட்டுலயும் அதேதான்! எத்தனை வகை வெச்சிருக்கீங்க?"

கனகசுந்தரம் மறுபடியும் நாள்காட்டியைப் பார்த்தார். "மூணு," என்றார்.

"நம்மகிட்ட பதினாலு."

பேசியவர் பரமேஸ்வரன். மூவாரில் ஓர் இடைநிலைப் பள்ளியில் இருபது வருடம் கட்டொழுங்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "நமக்கு ஆகாதது ஒண்ணே ஒண்ணுதாங்க," என்றார். "பொய். பொய் சொல்றவங்க வீட்டுத் தண்ணிகூட நான் குடிக்கிறதில்ல."

"நாங்களும் அப்படித்தான்," என்றார் கனகசுந்தரம்.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு வருவதாகவும், பெண்ணையும் பார்த்து, குளத்தையும் பார்த்துவிட்டுப் போவதாகவும், அதற்கு அடுத்த வாரம் இவர்கள் மூவாருக்கு வரவேண்டும் என்றும் பரமேஸ்வரன் முடிவு செய்தார்.

கைப்பேசியை வைத்ததும் பிரேமளா கேட்டாள். "குளமா? நம்ம வீட்டுல தண்ணி தேங்குற இடம் பாத்ரூம் வாசல் மட்டுந்தானே?"

"வெட்டிடலாம் லா," என்றார் கனகசுந்தரம். "நான் யாரு? நீர்ப்பாசன டிப்பார்ட்மெண்ட்ல முப்பத்திரண்டு வருஷம்."

அந்த முப்பத்திரண்டு வருடமும் அவர் கோப்புப் பிரிவில் இருந்தார். வேலை நேரத்தில் தண்ணீரை அவர் பார்த்தது குடிக்கும்போது மட்டும்.

வீடு முனை வீடு. பக்கவாட்டில் நல்ல புல்தரை இருந்தது. அதில் வெயில் அடிக்கும் பாதியில் பிரேமளாவின் துணிக்கொடி, நிழலான பாதியில் ஒரு ரம்புத்தான் மரம். துணிக்கொடியை நகர்த்தலாமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"உங்க பொய்க்காக நான் ஈரத்துணியா கட்டிக்கிட்டுத் திரியறது?" என்றாள் பிரேமளா.

எனவே குளம் ரம்புத்தான் மரத்தடியில் வந்தது. எட்டடி நீளம், ஐந்தடி அகலம். குத்தகைக்காரரின் ஆட்கள் இரண்டே நாளில் வெட்டி சிமெண்ட் பூசிவிட்டுப் போனார்கள். பார்க்க ஒரு பெரிய மாட்டுத் தொட்டி மாதிரி இருந்தது, ஆனால் தண்ணீர் நின்றது.

செடி கொண்டுவந்தவன் அமலதாஸ். தம்போய் எல்லையில் நாற்றுத் தோட்டம் வைத்திருப்பவன், நாற்பது வயதுக்காரன். மூன்று அல்லித் தொட்டிகளை வேனிலிருந்து இறக்கிவைத்துவிட்டு அண்ணாந்து மரத்தைப் பார்த்தான்.

"அங்கிள், இங்க வெயில் வராது. அல்லிக்கு ஒரு நாளைக்கு அஞ்சாறு மணி நேரம் வெயில் வேணும். இல்லாட்டி இலை வரும், பூ வராது."

"தம்பி, நீங்க வியாபாரி," என்றார் கனகசுந்தரம் பொறுமையாக. "எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தர் பதினாலு வகை வளக்கிறாரு."

"அவரு என்ன சொன்னாரு?"

"இன்னும் கேக்கல."

அமலதாஸ் மூன்று தொட்டிகளையும் தண்ணீரில் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டான்.

இரண்டாவது வாரம் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. அமலதாஸிடம் கேட்டால் வெயில் என்பான். மூவாரில் கேட்கலாம், ஆனால் நேரடியாகக் கேட்க முடியாது. பல வருடமாக அல்லி வளர்க்கிற ஆள் இலை ஏன் மஞ்சளாகிறது என்று கேட்பாரா? கனகசுந்தரம் அரை மணி நேரம் யோசித்து ஒரு குரல்பதிவு அனுப்பினார்.

"சும்மா பேசலாம்னுதாங்க. இந்த மழைக்கு இங்க அக்கம்பக்கத்துல சில பேருக்கு இலை மஞ்சளாவுதாம். எங்களுக்கு இல்ல. அவங்களுக்கு நான் ஒரு பதில் சொன்னேன். நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க?"

மறுநாள் காலையில்தான் பதில் வந்தது. பரமேஸ்வரன் எதற்கும் உடனே பதில் சொல்வதில்லை. நிதானமான மனிதர் என்று கனகசுந்தரம் மனைவியிடம் பாராட்டிச் சொன்னார்.

"இலை மஞ்சளாவுதுன்னா தண்ணிக்கு மூச்சு முட்டுதுன்னு அர்த்தம்," என்றது மூவார்க் குரல். "தண்ணி ஆடிக்கிட்டே இருக்கணும். நம்ம குளத்துல நடுவுல ஃபவுண்டன் வெச்சிருக்கேன்."

அன்று மாலையே கனகசுந்தரம் வாயால் தண்ணீர் பீய்ச்சும் ஒரு சிமெண்ட் மீனை வாங்கிவந்து குளத்தின் நடுவில் உட்கார வைத்தார். மீன் நன்றாகவே துப்பியது. துப்பிய தண்ணீர் இலைகளின் தலையில் விழுந்தது. இலைகள் ஒவ்வொன்றாகப் புரண்டு, பாதி தண்ணீருக்குள் போயின. எப்படியோ தலைகாட்டியிருந்த ஒரே ஒரு மொட்டும் நான்காம் நாள் மூழ்கிவிட்டது.

உரம் வாங்கப் போன இடத்தில் அமலதாஸ் மீன் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தான். "அல்லிக்கு ஆடாத தண்ணிதான் புடிக்கும், அங்கிள். தலையில ஊத்துனா அழுகிடும்."

"மூவார்ல ஆடுதே."

"மூவார்ல பூக்குதா?"

"பதினாலு வகை," என்றார் கனகசுந்தரம். இதற்கு மேல் ஒரு வியாபாரியிடம் விவாதிப்பது அவருக்கு அழகாகப் படவில்லை. உரம் வாங்காமலே திரும்பிவிட்டார்.

அடுத்த குரல்பதிவு மூவாரிலிருந்து தானாகவே வந்தது. "அது சரி, நீங்க உரம் என்ன போடுறீங்க? உங்க முறை எப்படின்னு தெரிஞ்சுக்கலாமேன்னு கேட்டேன்."

கனகசுந்தரம் இரண்டு முறை போட்டுக் கேட்டார். "பிரேமா, பாத்தியா? வாத்தியாரு புத்தி. பரீட்சை வெக்கிறாரு."

"தெரியலன்னு சொல்லிடுங்க."

"தெரியலன்னா பெயிலு. பெயிலானா உன் மக பெர்த்துல."

பிரேமளா சம்பலுக்காக நெத்திலி கழுவிக்கொண்டிருந்தாள். அந்தக் கலங்கல் தண்ணீரைப் பார்த்தபடியே கனகசுந்தரம் கைப்பேசியை வாயருகே கொண்டுபோனார்.

"நெத்திலி கழுவுன தண்ணிங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை ஊத்துவேன். வேற எந்த மருந்தும் இல்ல."

அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பதில் வந்தது.

"கரெக்டா சொன்னீங்க! நானும் அதேதான்! ஆனா நான் நெத்திலிய ரெண்டு நாள் ஊற வெச்சு ஊத்துவேன். வீரியம் கூட."

கனகசுந்தரம் எழுந்து நின்றுவிட்டார். வாய்க்கு வந்ததைச் சொன்னார், அது உண்மையாகிவிட்டது. "எனக்குள்ளயே இந்த அறிவு இருந்திருக்கு, பிரேமா. நாந்தான் கவனிக்கல."

உடனே அரைக் கிலோ நெத்திலியை வாளியில் ஊறப்போட்டார். இரண்டு நாளில் அந்த வாளி இருந்த பக்கம் யாரும் போக முடியவில்லை. மூன்றாம் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு முழு வாளியையும் குளத்தில் கவிழ்த்தார்.

முதல் பூனை பத்து நிமிடத்தில் வந்தது. சாயங்காலத்துக்குள் பதினோரு பூனைகள் குளத்தைச் சுற்றி ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. அந்த வார முடிவில் தண்ணீர் பட்டாணிப் பச்சையாகிவிட்டது. பின்பக்கக் கால்வாயிலிருந்து பியாவாக் என்று ஊரில் சொல்லும் உடும்பு ஒன்றும் வந்தது. கைநீளம் வாலை ஆட்டிக்கொண்டு, துணி உலர்த்திக்கொண்டிருந்த பிரேமளாவைத் தாண்டி நிதானமாகக் குளத்துக்குப் போனது.

"அலமாக்!" என்று அவள் போட்ட சத்தத்தில் முதலில் ஓடியது கனகசுந்தரம். பியாவாக் அப்படியேதான் இருந்தது.

அன்றிலிருந்து துணியெல்லாம் கூடத்து நாற்காலிகளின் மேல் காய்ந்தன. துணிக்கொடி காலியாக, நல்ல வெயிலில் நின்றது. இனிமேல் அந்தப் பக்கம் குளம் வெட்ட அவகாசமில்லை.

லோஷினி தினமும் விடியுமுன் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்புகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில்தான் குளத்தை ஒழுங்காகப் பார்த்தாள்.

"அப்பா, அவர்கிட்ட உண்மைய சொல்லிடுங்களேன்."

"பொய்னா ஆகாத மனுஷன்மா அவரு. வீட்டுத் தண்ணிகூட குடிக்க மாட்டாராம்."

"இப்ப சொன்னா ஒரு பொய். அன்னைக்கு நேர்ல கண்டுபுடிச்சா ஆறு வாரத்துப் பொய்."

சொல்வது சரி என்று கனகசுந்தரத்துக்குத் தெரிந்தது. கைப்பேசியையும் எடுத்தார். அதற்குள் மூவாரிலிருந்து புதிய குரல்பதிவு வந்து கிடந்தது. "உங்க பக்கம் எப்படி? வெயில் போதுதா? மழை கெடுக்குதா? பூனை கீனை தொந்தரவு உண்டா? ஒரு தகவலுக்குத்தான்." குரல் அவ்வளவு அன்பாக இருந்தது. இந்த அன்பை உடைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"வெயில் தாராளம், மழை அளவோட. பூனை ஒண்ணுகூட இல்லீங்க," என்று பதினோரு பூனைகளைப் பார்த்தபடியே பதில் அனுப்பினார். "ஆமா, தண்ணி பச்சையாவுறதுக்கு ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. உங்க கணிப்பு என்ன?"

மறுநாள் கணிப்பு வந்தது. "கோய் மீனு விடுங்க. பாசியெல்லாம் தின்னுட்டு தண்ணிய கண்ணாடியாக்கிடும்."

நான்கு கோய் மீன்கள் வந்தன. அவை பாசியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அல்லியின் தண்டை முதல் நாளில் முடித்தன. இரண்டாம் நாள் தொட்டிக்குள் தலையை விட்டு மண்ணைக் கிளறி, கிழங்கை வெளியே இழுத்துப் போட்டன. குளம் பச்சையிலிருந்து தே தாரிக் பால்டீயின் நிறத்துக்கு மாறியது. மூன்றாம் நாள் மீன்கள் மூன்றாக இருந்தன. பியாவாக் மரத்தடியில் கண்ணை மூடிப் படுத்திருந்தது.

விருந்தாளிகள் வர இன்னும் நான்கு நாள். குளத்தில் ஓர் இலைகூட மிச்சமில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் கனகசுந்தரம் அமலதாஸின் நாற்றுத் தோட்டத்து வாசலில் நின்றார்.

"தம்பி, பூத்தது வேணும். இன்னைக்கே. இப்பவே."

"இப்பவாச்சும் கேட்டீங்களே," என்று அமலதாஸ் நன்றாக விரிந்த ஆறு அல்லிகளைத் தொட்டியோடு வேனில் ஏற்றினான். ஊதா மூன்று, இளஞ்சிவப்பு இரண்டு, வெள்ளை ஒன்று.

மீன்களைப் பிடித்துக் குளியலறையிலிருந்த நீலத் தொட்டியில் விட்டார்கள். துப்பும் மீனைக் கார் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்தார்கள். குளத்துத் தண்ணீரை இறைத்துப் புதுத் தண்ணீர் விட்டார்கள். தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சிப் பூனைகளை விரட்டினார்கள். பன்னிரண்டு மணிக்குக் குளத்தில் ஆறு பூக்கள் விரிந்து நின்றபோது கனகசுந்தரத்துக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு அழகானதா இது என்று முதல்முறையாக நினைத்தார்.

மூன்று மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தபோது பூக்கள் கொஞ்சம் சுருங்கியிருந்தன. மூன்றேகாலுக்கு இன்னும் கொஞ்சம். மூன்றரைக்கு ஆறும் கூம்பி, விரல்களைச் சேர்த்துப் பிடித்த மாதிரி நின்றன.

அமலதாஸைக் கைப்பேசியில் பிடித்தார். "தம்பி, உங்க பூவெல்லாம் செத்துப்போச்சு!"

"சாகல, அங்கிள். அது பகல் பூ. மூணு மணிக்கு மேல மூடிக்கும். நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்குத் தொறக்கும்."

"நாலு மணிக்கு ஆளு வராங்களே! இன்னைக்கே மறுபடியும் தொறக்க ஏதாச்சும் வழி?"

"அதுக்கு நீங்க சூரியன்கிட்டதான் பேசணும்," என்றான் அமலதாஸ்.

கனகசுந்தரம் ஒரு பூவை விரலால் பிரிக்கப் பார்த்தார். இதழ் கையோடு வந்துவிட்டது. படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "என் வாய்தான் இந்த வீட்டுக்குச் சனியன், பிரேமா."

ஆறு வாரமாகத் திட்டிக்கொண்டிருந்த பிரேமளாவுக்கு அவர் உட்கார்ந்திருந்த கோலம் பொறுக்கவில்லை. உள்ளே போய்த் தீபாவளிச் சாமான் பெட்டியைத் தூக்கி வந்தாள். அதில் தண்ணீரில் மிதக்கவிடும் பிளாஸ்டிக் தாமரைகள் ஆறு இருந்தன.

"இது தாமரை," என்றார் கனகசுந்தரம் பலவீனமாக.

"தூரத்துலேர்ந்து பாத்தா பூ. பேசாம கட்டுங்க."

தையல் நூலால் ஒவ்வொரு கூம்பிய அல்லியின் தண்டிலும் ஒரு தாமரையைக் கட்டினார்கள். கடைசி முடிச்சு போடும்போது வாசலில் கார் வந்து நின்றது.

நான்கு பேர் இறங்கினார்கள். ஒல்லியாக, நிமிர்ந்த முதுகோடு பரமேஸ்வரன். அவர் மனைவி சுபத்திரா. மாப்பிள்ளை குணாளன். கடைசியாக, பரமேஸ்வரனின் அக்கா இராசம்மா, எழுபது வயது. அவர் வந்ததும் வராததுமாக வராந்தாவில் கறி பப் பலகாரத் தட்டுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல டீ குடிங்க. குளம் எங்கயும் ஓடிப் போயிடாது," என்றார் கனகசுந்தரம்.

"ஆமாங்க, டீ குடிப்போம். குளத்துக்கு என்ன அவசரம்?" என்றார் பரமேஸ்வரன்.

இருவரும் மூன்று கோப்பை குடித்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார்கள், கோப்புகளைப் பற்றிப் பேசினார்கள், பத்து பஹாட்டுக்குப் போகும் பாதையைப் பற்றிக்கூடச் சண்டையில்லாமல் பேசினார்கள். அல்லியைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை. லோஷினியும் குணாளனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

குளியலறைக்குப் போய்வந்த சுபத்திரா, பிரேமளாவின் காதருகே குனிந்தார். "உங்க பாத்ரூம்ல கோய் மீனு இருக்குங்களே."

"அது வந்து... தண்ணி மாத்த வெச்சிருக்கோம்," என்றாள் பிரேமளா.

"தெரியும், தெரியும்," என்று சுபத்திரா அவள் கையை அழுத்தினார். இவ்வளவு புரிந்துகொள்ளும் சம்பந்தி அம்மாள் கிடைக்கப்போகிறாரே என்று பிரேமளாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஐந்தரை மணிக்கு மழை மேகம் கூடிக்கொண்டு வந்தது. இனி தள்ளிப்போட முடியவில்லை. "சரி, பாத்துடலாம்," என்று பரமேஸ்வரன் பெருமூச்சு விட்டு எழுந்தார். இராசம்மா மட்டும் தட்டோடு வராந்தாவிலேயே இருந்தார்.

மேகமும் ரம்புத்தான் நிழலும் சேர்ந்து குளத்தடியில் நன்றாக இருட்டியிருந்தது. அவ்வளவுக்கு நல்லது என்று கனகசுந்தரம் நினைத்தார். மூன்றடி தள்ளியே அனைவரையும் நிறுத்தினார். "இதுக்கு மேல போனா வழுக்கும்."

முதல் தாமரை அப்போதுதான் சிவப்பாக எரிந்தது.

அவற்றுக்குள் சின்ன விளக்கு இருப்பதும், இருட்டினால் தானே எரியும் என்பதும் பிரேமளாவுக்குத் தெரியும். போன தீபாவளியோடு பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்திருந்தாள். தீரவில்லை. இரண்டாவது பச்சையாக எரிந்தது. மூன்றாவது நீலம். பிறகு ஆறும் சேர்ந்து மாறி மாறி மின்னத் தொடங்கின.

பரமேஸ்வரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்பறையில் நிற்பது போல நின்று, ஒரு நிமிடம் முழுக்க அதைப் பார்த்தார்.

"அபூர்வமான வகை," என்றார்.

கனகசுந்தரம் அந்த முகத்தைப் பார்த்தார். அதில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. குற்றம் செய்த பையன் தானாக ஒப்புக்கொள்ளட்டும் என்று நல்ல வாத்தியார் கொடுக்கும் அவகாசம் இது. எவ்வளவு பெரிய மனசு!

"மன்னிச்சிடுங்கய்யா," என்றார் கனகசுந்தரம். "இது பிளாஸ்டிக். தீபாவளிக்கு வாங்குனது. நான் அல்லி வளத்தவன் இல்ல. அன்னைக்கு போன்ல நீங்க கேட்டப்ப சுவத்துல காலண்டர் இருந்துச்சு, அதப் பாத்து சொன்னேன். அதுக்கப்புறந்தான் குளமே வெட்டுனேன். நீங்க ஒவ்வொரு தடவையும் அருமையா வழி சொன்னீங்க, எனக்குத்தான் கைராசி இல்ல. பூனை பதினொண்ணு இருக்கு. ஒண்ணும் இல்லன்னு சொன்னதும் பொய். நெத்திலித் தண்ணி நானா விட்ட கதை."

லோஷினி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல," என்றார் கனகசுந்தரம். "சொல்லிடுங்கப்பான்னு அவ சொன்னா. நாந்தான் கேக்கல. பொய் சொன்னது நானு. என்னைய நீங்க எப்படி வேணும்னாலும் பேசுங்க. இதுக்காக இவங்க ரெண்டு பேரையும் பிரிச்சிடாதீங்க."

பரமேஸ்வரன் அசையவில்லை. அவர் கழுத்தில் வியர்வை வழிந்தது. வாயைத் திறந்தார், மூடினார். காலணிகளைப் பார்த்தார். சுபத்திரா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். குணாளன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். மதில் மேலிருந்து ஒரு பூனை குதித்து வந்து குளத்தங்கரையில் உட்கார்ந்தது. எல்லாம் முடிந்தது என்று கனகசுந்தரம் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

வராந்தாவிலிருந்து இராசம்மா, நான்காவது கறி பப்பைத் தட்டில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்தார்:

"டேய் பரமு, அவரு சொல்லிட்டாரு, நீயும் சொல்லிடுடா, அன்னைக்கு இவரு போன்ல அல்லின்னு சொன்னப்புறந்தான் நாமளும் குழியே வெட்டுனோம், இவரு சொன்ன நெத்திலித் தண்ணிய நம்பி ஊத்தி மூவார்ல இருக்கிற பூனையெல்லாம் இப்ப நம்ம வீட்டுலதான் குடியிருக்குன்னு!"